அலைவாங்கியா, அலைக்கொம்பா?

ஹெலிகாப்டரில் வானொலித் தொடர்புக் கருவி பொருத்துவது பற்றிய பாடம் ஒன்றின் தமிழாக்கத்தைத் திருத்தக் கொடுத்தார்கள். இரண்டாம் பக்கத்திலேயே, "விமானி அலைவாங்கி வழியே செய்தி அனுப்புகிறார்" என்றிருந்தது. ஆன்டெனாவைத்தான் அலைவாங்கி என்று பெயர்த்திருந்தார்கள். வாங்கி எப்படி அனுப்பும்?

ஆன்டெனா லத்தீன் சொல். பாய்மரக் கப்பலில் பாய் கட்டும் குறுக்குமரம். நம் கடலோடிகள் பருமல் என்பார்கள். 15ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலை லத்தீனில் பெயர்த்த தியோடர் காசா அதைப் பூச்சியின் உணர்கொம்புக்கு ஆண்டார். மார்க்கோனி காலத்தில் வானொலிக்கு வந்தது.

மொட்டைமாடியில் தொலைக்காட்சிக்காக நின்ற கம்பிக்கு அலைவாங்கி பொருத்தமான பெயர்தான். அது வாங்க மட்டுமே செய்தது. ஹெலிகாப்டரில் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் பேசும் கருவிக்கு அனுப்பவும் வாங்கவும் ஒரே ஆன்டெனாதான். பொத்தானை அழுத்தினால் அனுப்பும், விட்டால் வாங்கும். இரண்டு கருவிகள் வைத்தால் ஒன்றின் ஆன்டெனாவை வயிற்றடியிலும் மற்றதை முதுகிலும் தள்ளிப் பொருத்துகிறார்கள். நெருங்கியிருந்தால் ஒன்று அனுப்பும் ஆற்றல் மற்றதன் ஏற்பியில் (ரிசீவரில்) பாய்ந்து அதைச் செவிடாக்கிவிடும். இரண்டையும் 'வாங்கி' என்றே படித்த மாணவனுக்கு இந்த விதி எப்படி விளங்கும்? அலையுணரி என்பாரும் உண்டு. அதிலும் அதே ஊனம்.

இதே பாடத்தில், கண்ணாடியிழை உடலில் ஆன்டெனாவுக்குக் கீழே பதிக்க வேண்டிய உலோகப் பரப்பை, அதாவது ஆங்கிலத்தில் 'கிரவுண்ட் பிளேன்' என்பதை, 'தரைத்தளம்' என்று எழுதியிருக்கிறார்கள். அடுக்குமாடி வீட்டில்தான் தரைத்தளம் இருக்கும்! அடித்தகடு என்றால் எந்தத் தொழிலாளிக்கும் புரியும். பொருளைக் கண்ணால் பாராமல், அகராதியை மட்டும் திறந்துவைத்து மொழிபெயர்ப்பவர்கள் தமிழுக்குச் செய்யும் கேடு இது. இவர்களைவிட ஆன்டெனா என்றே எழுதுபவர் எவ்வளவோ மேல்.

ஆனாலும் நம்மிடம் சொல் இருக்கிறது. காசா பெயர்த்த கிரேக்கச் சொல்லான கெராயா, விலங்கின் கொம்பைக் குறிக்கும் கெராஸ் என்ற சொல்லிலிருந்து பிறந்து, பூச்சியின் உணர்கொம்பையும் கப்பலின் குறுக்குமரத்தையும் ஒருங்கே குறித்தது. தமிழிலும் மாட்டுக்குக் கொம்பு உண்டு, மரத்துக்கும் கொம்பு உண்டு. கொடிக்குக் கொழுகொம்பு நடுகிறோம். எனவே அலைக்கொம்பு. வாங்குகிறதா அனுப்புகிறதா என்று அது வாக்குக் கொடுப்பதில்லை. வயிற்றடியில் துருத்தும் தகடும், வால்தண்டை ஒட்டி நீளும் சிற்றலைக் குழாயும் அதில் அடங்கும்.

திருத்திக் கொடுத்தேன். "அகராதியில் அலைவாங்கி என்றுதான் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் அலைக்கொம்பு என்றே திருத்தி அனுப்பியிருக்கிறேன்.