கிடப்பதும் கிடத்துவதும்: ‘லை’, ‘லே’ குழப்பம் எங்கிருந்து வருகிறது?

கோலாலம்பூரில் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுக்கிற நாளில் மேலாளருக்குப் போகும் வாட்ஸ்அப் செய்திகளில் அடிக்கடி தென்படும் வாக்கியம் இது: ‘ஐ வாஸ் லேயிங் இன் பெட் ஹோல் டே.’ படிப்பவருக்குப் புரியும். யாரும் திருத்தப் போவதில்லை. ஆனாலும் இலக்கணப்படி அது பாதியில் நிற்கிறது. ‘நாள் முழுக்கக் கட்டிலில் கிடத்திக்கொண்டிருந்தேன்’ என்று ஒருவர் தமிழில் எழுதினால் ‘யாரை?’ என்று உடனே கேட்போம். அந்த ஆங்கில வாக்கியமும் அதே கேள்வியைத்தான் எழுப்புகிறது.

ஆங்கிலத்தில் ‘லை’ (எல் ஐ ஈ) என்றால் கிட, படு. ‘லே’ (எல் ஏ ஒய்) என்றால் கிடத்து, வை, போடு. படிவம் ஐந்து மாணவர் முதல் அலுவலக அறிக்கை எழுதுபவர் வரை பலர் தடுமாறும் வினைச்சொற்கள் இவை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்து வளர்ந்தவர்களே பேச்சில் இரண்டையும் கலந்துவிடுவார்கள். ஆனால் தமிழ்ப்பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தவருக்கு இது உண்மையில் எளிதாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இன்று உதிரியாகக் கிடக்கும் சில சொற்களில் மட்டுமே எஞ்சியிருக்கும் இந்த முறை, தமிழில் இன்றும் நூற்றுக்கணக்கான வினைகளில் உயிரோடு இருக்கிறது.

வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறான். பந்து உருள்கிறது, பந்தை உருட்டுகிறாள். பிள்ளை அடங்கினான், பிள்ளையை அடக்கினார். திரும்பு, திருப்பு, நட, நடத்து. தானே நடப்பது ஒரு சொல், இன்னொன்றை அப்படி நடக்கச் செய்வது அதன் இரட்டை. பெரும்பாலும் மெய்யெழுத்து வலிப்பதிலோ, பின்னால் ‘து’ சேர்வதிலோ வேறுபாடு தெரிந்துவிடுகிறது. கிட, கிடத்து என்ற இணையும் இதே வரிசைதான். ‘லை’, ‘லே’ இரண்டுக்கும் இதைவிட நெருக்கமான தமிழ் இணை கிடையாது. மலாயிலும் இந்த ஏற்பாடு உண்டு, அங்கே வேலை செய்வது ஒட்டுகள். ‘பெர்பாரிங்’ என்றால் தானாகப் படுப்பது, ‘மெம்பாரிங்கான்’ என்றால் ஒருவரைப் படுக்க வைப்பது. ‘தெர்லெத்தாக்’ ஓரிடத்தில் அமைந்திருப்பது, ‘மெலெத்தாக்கான்’ ஒன்றை எடுத்து வைப்பது.

ஆங்கிலம் இதற்கு உயிரெழுத்தை மாற்றியது. குழப்பத்தின் வேரும் அங்கேதான்.

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு முதலியவற்றின் பொதுத் தாயான பழைய ஜெர்மானிய மொழியில் எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. கிளை மொழிகளை ஒப்பிட்டுத்தான் அறிஞர்கள் அதன் சொற்களை மீட்டிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் ‘கிட’ என்பதன் நிகழ்கால அடி ‘லிக்’, இறந்தகாலம் ‘லக்’. பிறவினையை உண்டாக்க அந்த மொழி எடுத்துக்கொண்டது, இறந்தகாலத்தில் வரும் அதே ‘அ’ உயிருள்ள வடிவத்தை. அதோடு ‘ய’ ஒலியில் தொடங்கும் விகுதியைச் சேர்த்தது. ‘லக்’ என்றால் கிடந்தான், ‘லக்யன்’ என்றால் கிடத்துதல். பிறகு அந்த ‘ய’ தனக்கு முன்னால் இருந்த ‘அ’வை ‘எ’ பக்கம் இழுத்தது. ‘ய’ சொல்ல நாக்கு முன்னும் மேலுமாக நகர வேண்டும். அந்த நகர்வு முந்தைய உயிரிலேயே தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்துக்கு வரும்போது கிடத்துதல் ‘லெட்ஜன்’, கிடத்தினான் ‘லெய்டெ’, கிடந்தான் ஏறக்குறைய ‘லேய்’ என்ற ஒலிகளில் நின்றன.

இவற்றை வரிசையாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘லெய்டெ’ இன்றைய ‘லெய்ட்’. ‘லேய்’ இன்றைய ‘லே’, அதாவது ‘லை’ என்பதன் இறந்தகாலம். ‘லெட்ஜன்’ காலப்போக்கில் தேய்ந்து அதுவும் ‘லே’ ஆனது, அதாவது கிடத்து. ஒரே ஒலி, ஒரே எழுத்துகள், ஒருபுறம் ‘கிடந்தேன்’, மறுபுறம் ‘கிடத்து’. பிறவினை பிறந்ததே இறந்தகாலத்தின் உயிரிலிருந்து என்பதால், இந்த மோதல் விபத்து அல்ல. ‘சிட்’, ‘சேட்’, ‘செட்’ மூன்றும் இதே வழியில் வந்தவைதான். ‘சேட்’, ‘செட்’ இரண்டின் உயிரும் இன்றைக்கும் சற்றுத் தள்ளி நிற்பதால் அவை தப்பித்துக்கொண்டன. ‘ட்ரிங்க்’ என்பதற்கும் ஒரு பிறவினை இருந்தது: ‘ட்ரென்ச்’, குடிக்க வைத்தல். இன்று அது தொப்பலாக நனைப்பதைக் குறிக்கிறது, உறவு யாருக்கும் நினைவில்லை.

இனி வடிவங்கள். கிடப்பதற்கு: இன்று ‘லை’, நேற்று ‘லே’, ‘ஹேவ்’ வந்தால் ‘லெய்ன்’, நடந்துகொண்டிருந்தால் ‘லையிங்’. கிடத்துவதற்கு: இன்று ‘லே’, நேற்று ‘லெய்ட்’, ‘ஹேவ்’ வந்தாலும் ‘லெய்ட்’, நடந்துகொண்டிருந்தால் ‘லேயிங்’. இரண்டாவது வரிசையில் முறைகேடு எதுவும் இல்லை, வழக்கமான வினைதான். எழுத்து மட்டும் ‘பே’, ‘பெய்ட்’ போல எல் ஏ ஐ டி என்று வரும். எல் ஏ ஒய் ஈ டி என்று எழுதுவது பிழை. ‘லையிங்’ என்பதில் ஐ, ஈ இரண்டும் போய் ஒய் வரும்: எல் ஒய் ஐ என் ஜி.

எதைப் போடுவது என்று தெரிய ஒரே கேள்வி போதும்: வினைக்குப் பின்னால் ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். பதில் வாக்கியத்திலேயே இருந்தால் ‘லே’ குடும்பம். இல்லாவிட்டால் ‘லை’ குடும்பம். கிளினிக்கில் டாக்டர் நோயாளியிடம் சொல்ல வேண்டியது ‘ப்ளீஸ் லை டவுன்’. எதை என்றால் பதில் இல்லை. அம்மாவிடம் சொல்வது ‘லே த பேபி ஆன் த பெட்’. யாரை என்றால் குழந்தையை. ‘டவுன்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது இரண்டோடும் வரும். ‘த மேனேஜர் லெய்ட் டவுன் த ரூல்ஸ்’ என்றால் விதிகளை வகுத்தார். ‘த மேனேஜர் லே டவுன்’ என்றால் மேலாளர் படுத்துவிட்டார். குடும்பம் தெரிந்த பிறகு காலத்தைப் பாருங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் காலத்தை யோசிப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள்.

அந்த எம்சி செய்தியைச் சரிசெய்தால் ‘ஐ வாஸ் லையிங் இன் பெட் த ஹோல் டே.’ நடந்ததை மறுநாள் சொல்லும்போது ‘ஐ லே டவுன் ஆஃப்டர் லன்ச்.’ இங்கேதான் நம்மவர்கள் இரண்டு விதமாகத் தவறுவார்கள். ‘ஐ லெய்ட் டவுன்’ என்று சிலர், ‘ஐ லைட் டவுன்’ என்று வேறு சிலர். இரண்டாவது சற்று ஆபத்து. ‘லைட்’ என்றால் பொய் சொன்னேன். எம்சி செய்தியில் அது வேண்டவே வேண்டாம்.

பொய் சொல்லும் ‘லை’க்கும் படுக்கும் ‘லை’க்கும் உறவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது வேறு வேர், வேறு ஒலி. நூற்றாண்டுகள் ஓடியதில் இரண்டும் ஒரே ஒலியில் வந்து நின்றன. பொய்யின் இறந்தகாலமும் ஒரு காலத்தில் உயிர் மாறும் வினையாகத்தான் இருந்தது, பிறகு ஒழுங்காக ‘லைட்’ ஆகிவிட்டது. எழுத்தில் அது எல் ஐ ஈ டி. விளக்கைக் குறிக்கும் சொல்லோடு தமிழெழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் கடைசி மெய் மென்மையானது.

‘எதை?’ என்ற கேள்வி சறுக்கும் இடம் செயப்பாட்டு வினை. வீட்டில் ரினோவேஷன் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரர் எழுதுகிறார்: ‘த டைல்ஸ் வேர் லெய்ட் ஆன் ட்யூஸ்டே.’ வினைக்குப் பின்னால் எதை என்று கேட்டால் பதில் கிடைக்காது, ஆனாலும் ‘லெய்ட்’ சரி. காரணம், செயப்படுபொருள் முன்னால் போய் எழுவாய் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ‘இஸ்’, ‘வாஸ்’, ‘வேர்’ வந்தால் கேள்வியை மாற்றுங்கள்: யாராவது கைவைத்துச் செய்த வேலையா? டைல்ஸ் தானாகப் பதியாது, ஆள் பதித்தார். எனவே ‘லெய்ட்’. இதே வீட்டில் பெட்டி பிரிக்காமல் கார் போர்ச்சில் கிடந்தால் ‘த டைல்ஸ் ஆர் லையிங் இன் த போர்ச்.’ முதல் வாக்கியம் வேலை முடிந்தது, பணம் கொடுங்கள் என்கிறது. இரண்டாவது, வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்கிறது. பணத் தவணைக்கு வாட்ஸ்அப் செய்தியைச் சாட்சியாக வைக்கும் ஊரில் இந்த ஒரு சொல் காசு பெறும்.

தமிழிலிருந்து மொழிபெயர்க்கும்போது இன்னொரு தொல்லை. ‘லே’ என்பதற்குத் தமிழில் ஒரே சொல் நிற்காது. டைல்ஸ் பதிப்பது, தண்டவாளம் போடுவது, பாய் விரிப்பது, கோழி முட்டையிடுவது, செங்கல் அடுக்கிக் கட்டுவது, அடிக்கல் நாட்டுவது எல்லாமே ‘லே’. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கு 1886இல் திறக்கப்பட்ட ரயில் பாதையைப் பற்றி எழுதினால் தண்டவாளங்கள் ‘வேர் லெய்ட்’தான். கோழி மட்டும் சின்ன விதிவிலக்கு: ‘த ஹென் இஸ் லேயிங் வெல்’ என்பது சரி. முட்டை என்பது சொல்லாமலே புரிவதால் செயப்படுபொருளை விட்டுவிடுகிறார்கள். வேலையிழந்தவரும் ‘லெய்ட் ஆஃப்’ ஆனவர். அவர் தானாகப் போகவில்லை, நிறுவனம் அனுப்பியது.

‘லை’ பக்கம் வேறு மாதிரிச் சிக்கல். ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தமிழில் ‘அமைந்துள்ளது’, மலாயில் ‘தெர்லெத்தாக்’, ஆங்கிலத்தில் ‘லைஸ்’. ‘ஜார்ஜ் டவுன் லைஸ் ஆன் த நார்த்ஈஸ்டர்ன் டிப் ஆஃப் பினாங்கு ஐலண்ட்.’ கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் இடத்தில் கோலாலம்பூர் ‘லைஸ்’. ஊரை யாரோ அங்கே வைத்தது போலத் தோன்றி ‘லேஸ்’ என்று எழுதக் கூடாது. தமிழில் ‘சாவி மேசையில் கிடக்கிறது’ என்றால் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்ற குறையும் சேர்ந்து ஒலிக்கும். ஆங்கில ‘லையிங்’ அப்படி எதையும் கட்டாயமாகச் சொல்வதில்லை, ஊருக்கும் சாவிக்கும் நோயாளிக்கும் ஒரே மரியாதைதான்.

‘லெய்ன்’ பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்: அதைத் தவிர்த்துவிடுங்கள். ‘ஐ ஹேவ் லெய்ன் ஹியர் சின்ஸ் மார்னிங்’ என்பது பிழையற்றது, ஆனால் பேச்சில் கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார். ‘ஐ ஹேவ் பீன் லையிங் ஹியர் சின்ஸ் மார்னிங்’ என்பதே இயல்பு. அரிதாகப் பயன்படும் வடிவங்கள் நினைவில் தங்குவதில்லை, அவற்றின் இடத்தைத் தெரிந்த வடிவம் பிடித்துக்கொள்ளும். இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2007இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், பழைய ஆங்கிலத்தில் முறை மாறி வந்த 177 வினைகளைத் தொடர்ந்தபோது இன்று 98 மட்டுமே அப்படி எஞ்சியிருந்தன. ஒரு வினை 100 மடங்கு குறைவாகப் பயன்பட்டால் 10 மடங்கு வேகமாக ஒழுங்கு வினையாகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. ‘ஐ லைட் டவுன்’ என்று எழுதும் மாணவர் சோம்பேறி அல்ல. ‘ஈடி’ சேர்த்தால் இறந்தகாலம் என்ற பெரிய விதியைத்தான் பிடித்துக்கொள்கிறார். தேர்வுத் தாளில் மதிப்பெண் போகும் என்பது வேறு.

கூட்டுச்சொற்களிலும் குடும்பம் மாறாது. காப்புறுதிப் படிவத்தில் வரும் ‘அண்டர்லையிங்’ என்பது நோய்க்கு அடியில் தானாகக் கிடக்கும் காரணம், எனவே ‘லை’. கம்பளத்துக்கு அடியில் ஆள் விரிக்கும் ‘அண்டர்லே’ அப்படியல்ல. ‘அண்டர்லேயிங் கண்டிஷன்’ என்று எழுதும் படிவங்களைத் திருத்தி அனுப்பலாம்.

இதே கேள்வி ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இணைக்கும் அப்படியே செல்லும். பெட்ரோல் விலை ஏறினால் ‘த ப்ரைஸ் ரோஸ்’. அரசாங்கம் ஏற்றினால் ‘த கவர்மெண்ட் ரெய்ஸ்ட் த ப்ரைஸ்’. எதை? விலையை. ‘த ப்ரைஸ் ரெய்ஸ்ட்’ என்று எழுதினால் விலை எதையோ தூக்கிவிட்டது என்றுதான் பொருள்படும். ‘த ப்ரைஸ் வாஸ் ரெய்ஸ்ட்’ என்று ‘வாஸ்’ சேர்த்தால் சரியாகிவிடும். ஏற்றியவர் யார் என்பதை மட்டும் அந்த வாக்கியம் சொல்லாது.