பேட்டரியை ஒயரைப் பிடித்துத் தூக்கும் நேரம்

பள்ளி மாணவர்களின் ரோபோட்டிக்ஸ் போட்டியின் இரண்டாம் நாள் சாயங்காலம், அணிகள் ரோபோவைப் பழுதுபார்க்கும் இடங்களான பிட்டுகளைச் சுற்றி வந்தால் ஒரு காட்சி கண்ணில் படும். பேட்டரி மாற்ற வரும் மாணவர், இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்க வேண்டிய ஆறு கிலோ பேட்டரியை, அதன் சிவப்பு, கறுப்பு ஒயர்களைக் கொத்தாகப் பிடித்து வாளியைப் போலத் தூக்கிக்கொண்டு போவார். காலையில் அதே மாணவரைக் கேட்டால், அப்படித் தூக்கவே கூடாது என்று அவரே சொல்லியிருப்பார். சாயங்காலம் கை தானாக ஒயருக்குப் போய்விடுகிறது.

விளைவு உடனே தெரியாது. மொத்த எடையும் முனையில் முறுக்கிய போல்ட்டில் தொங்குவதால், ஒயர் நுனியிலுள்ள உலோக வளையமான லக் மயிரிழை தளரும். அங்கே மின்தடை கூடும். ரோபோ எதிரணியை முட்டித் தள்ளும்போது நொடிநேரம் 250 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பேட்டரியும் ஒயர்களும் சேர்ந்து 0.015 ஓம் என்றால், 12.5 வோல்ட் 8.75க்கு இறங்கும், ரோபோ சமாளித்துக்கொள்ளும். தளர்ந்த லக் இன்னொரு 0.010 ஓம் சேர்த்தால் அதே கணக்கு 6.25 வோல்ட்டில் போய் நிற்கும். ரோபோரியோ என்ற கட்டுப்பாட்டுக் கணினி, மின்னழுத்தம் 6.3 வோல்ட்டுக்கு (ரோபோரியோ 2 என்றால் 6.75க்கு) கீழே போனதும் தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடும். இதைத்தான் பிரவுன்அவுட் என்கிறார்கள். ரோபோ விக்கி விக்கி நகரும். பிட்டுக்குத் திரும்பியதும் முதலில் மாட்டிக்கொள்வது புரோகிராம் எழுதிய பிள்ளைதான்.

லக்கை ஸ்பேனரால் முறுக்கிவிடலாம். கை ஏன் ஒயருக்குப் போனது என்பதற்கு முந்தைய இரவின் தூக்கத்தைப் பார்க்க வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், முந்தைய ஆறு வாரங்களின் தூக்கத்தை.

இங்கே பேசுவது எஃப்.ஆர்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் காம்பெடிஷனைப் பற்றி. டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் 28 அணிகளோடு நடத்திய முதல் போட்டியின் தொடர்ச்சி இது. ஜனவரி தொடக்கத்தில் அந்த ஆண்டின் ஆட்டம் அறிவிக்கப்படும். மார்ச், ஏப்ரலில் வட்டாரப் போட்டிகள். ஏப்ரலில் ஹூஸ்டனில் இறுதிச் சுற்று. 2019 வரை, ஆறு வாரம் ஆனதும் ரோபோவைப் பையில் போட்டு சீல் வைத்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2020 சீசனிலிருந்து அது இல்லை. பல காரணங்களால் அந்த விதி போனது நல்லதுதான். ஆனால், "இன்றோடு வேலை முடிந்தது, வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று வெளியிலிருந்து சொல்ல இருந்த ஒரே குரலும் அதோடு போய்விட்டது. இப்போது அணியே தனக்கு நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. பள்ளி முடிந்து மாலை ஐந்து முதல் ஒன்பது வரை பட்டறை, பிறகு வீட்டுப்பாடம் என்று ஓடும் பிள்ளைக்கு ஆறு மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஆறு மணி நேரம் ஒன்றும் மோசமில்லை என்றுதான் தோன்றும். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் இதைச் சோதித்தார்கள். பெரியவர்களில் ஒரு பிரிவினரைத் தொடர்ந்து 14 இரவு ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, திரையில் குறி தோன்றியதும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அரை நொடிக்கு மேல் தாமதமானால் கவனம் தவறியதாகக் கணக்கு. நாளாக ஆகத் தவறல்கள் ஏறிக்கொண்டே போயின. இரண்டு வார முடிவில் இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். எவ்வளவு தூக்கமாக வருகிறது என்று கேட்டபோது அவர்கள் சொன்ன மதிப்போ சில நாட்களுக்குப் பிறகு அதிகம் ஏறவில்லை. கவனம் சரிந்தது, சரிவது அவர்களுக்கே தெரியவில்லை. ஆகவே, பிட்டில் ஒரு மாணவர் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கையைப் பாருங்கள்: ஒயரைப் பிடிக்கிறாரா, பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கிறதா, எடுத்த ஆலன் கீயை வைத்த இடம் மறந்து தேடுகிறாரா?

ரோபோவை ஓட்டும் டிரைவருக்குத் தூக்கம் இன்னொரு விதத்திலும் வேண்டியிருக்கிறது. ஜாய்ஸ்டிக்கில் விரல்கள் பழகும் திறமை, பயிற்சி முடிந்த நொடியோடு நின்றுவிடுவதில்லை. 2002இல் ஹார்வர்டில் மேத்யூ வாக்கர் குழு, விரல்களால் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டப் பழக்கியபோது, இடையில் பயிற்சியே இல்லாமல், ஓர் இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. அந்த அளவு முழுக்கத் தூக்கத்தால் வந்ததா என்று பின்னாளில் விவாதம் எழுந்தது உண்மை. ஆனாலும் போட்டிக்கு முந்தைய நாள் நள்ளிரவு வரை டிரைவரை ஓட்டவைத்து, ஐந்து மணி நேரத்தில் எழுப்பிவிடுவது கூட்டிக் கழித்தால் நட்டக் கணக்கு. கடைசிப் பயிற்சியை இரவு எட்டுக்குள் முடித்துக்கொள்வது மேல்.

போட்டி நாளின் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். பிட் எட்டு மணிக்குத் திறக்கிறது. வேன் ஏழேகாலுக்குக் கிளம்ப வேண்டும், அப்படியென்றால் ஆறரைக்கு எழ வேண்டும். எட்டு மணி நேரம் என்றால் பத்தரைக்குக் கண் மூடியிருக்க வேண்டும். பத்துக்கு அறைக்குள் போயிருக்க வேண்டும். பிட் இரவு எட்டு மணி அளவில் மூடிவிட்டால் இடையில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதை விழுங்குவது ரோபோ அல்ல, சாப்பாடு. முன்பதிவு இல்லாமல் முப்பது பேர் ஓர் உணவகத்துக்குள் நுழைந்தால் ஒன்பதே முக்காலுக்குத்தான் தட்டு வரும். மதியமே ஆர்டர் கொடுத்து, எட்டே காலுக்குத் தங்கும் இடத்துக்கே வரவழைத்துவிட்டால் ஒரு மணி நேரத் தூக்கம் சும்மா கிடைத்தது மாதிரி.

இதில் ஒரு சிக்கல், பதின்வயதின் உடல் கடிகாரம். தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் அந்த வயதில் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்கும். ஒன்பதரைக்கு விளக்கணைத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பார்கள். தூக்கத்தைக் காலையில் நீட்டுவது எளிது. எட்டு மணிக்கு அத்தனை பேரும் அரங்கத்தில் நிற்க வேண்டியதில்லை. ரோபோவைத் தொடும் ஐந்தாறு பேர் முதல் வேனில் போகட்டும். கேலரியில் உட்காரப் போகிறவர்கள் முதல் ஆட்டத்துக்குக் கால் மணி முன்னால் வந்தால் போதும். அவர்களுக்கு முக்கால் மணி நேரம் மிச்சம்.

புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பது நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வதுதான். 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காரணத்தைக் காட்டினார்கள்: புது இடத்தின் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட லேசாகத் தூங்குகிறது, சிறு சத்தத்துக்கும் அரைக்காவல் காக்கிறது. இரண்டாவது இரவில் அந்த வேறுபாடு மறைகிறது. எனவே முதல் ஆட்டம் வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமை இரவே வந்து சேருவது வீண் செலவு இல்லை. ஒரு மணி நேரத் தொலைவில் வீடு இருந்தால் வீட்டிலேயே தூங்கலாம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்படுவதும் சீசனின் நடுவிலேயே வருகிறது. ஞாயிறு வரை நீளும் போட்டி என்றால் அந்த ஒரு மணி நேரத்தைச் சனி இரவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்து ஹூஸ்டன் போகிற அணிக்கு ஏப்ரலில் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே மதியம் மூன்று மணி என்றால் சென்னையில் பழகிய உடம்புக்கு நள்ளிரவு ஒன்றரை. காலை ஆட்டங்களில் தெம்பாக இருந்துவிட்டு மதியத்துக்குமேல் மொத்த அணியும் துவண்டு போவது இதனால்தான். உடல் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். மூன்று நாள் முன்னால் போய்ப் பகல் வெளிச்சத்தில் நடமாடினாலும் பாதிகூடச் சரியாகாது. மதியம் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் சரிபார்ப்புப் பட்டியலை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் தொட்டுக்காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எல்லோரும் மறந்துவிடுவது ஸ்கவுட்டிங் பிள்ளைகளை. ஓர் ஆட்டத்தில் ஆறு ரோபோக்கள். ஆளுக்கு ஒன்று என்று ஆறு பேர் கேலரியில் உட்கார்ந்து, எது எத்தனை முறை புள்ளி எடுத்தது என்று நாள் முழுக்கப் பதிவு செய்வார்கள். 1948இல் நார்மன் மேக்வொர்த், ராடார் திரையை வெறித்துப் பார்க்கும் வேலையை ஒத்த சோதனையில், முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் இறங்கிவிடுவதைக் காட்டினார். ஏழு நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் அரை மணி நேரம் என்பது நாலு ஆட்டம். அதற்குள் ஆள் மாற்ற எந்த அணியிடமும் ஆள் இருக்காது. எட்டு ஆட்டத்துக்கு ஒருமுறை மாற்றினாலே பெரிய வித்தியாசம். பிளேஆஃப் என்ற வெளியேற்றுச் சுற்றுக்குக் கூட்டாளி அணியைத் தேர்ந்தெடுப்பது இந்தத் தாள்களை நம்பித்தான்.

காபின் விஷயத்துக்கு வருவோம். மூளையில் நாள் முழுக்கச் சேரும் அடினோசின்தான் தூக்க அழுத்தம். காபின் அது பொருந்தும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அடினோசின் எங்கும் போவதில்லை, வெளியே காத்திருக்கிறது. உடம்பிலிருந்து பாதி காபின் வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் 473 மி.லி. எனர்ஜி டிரிங்க் கேன்கள் பலவற்றில் 160 மி.கி. இருக்கிறது. மாலை நாலு மணிக்கு அதைக் குடித்தால் ஒன்பதுக்கு 80, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு 40 மிச்சம். போதாததற்கு விரல் நடுக்கம் வேறு. பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011இலேயே சொல்லிவிட்டது. வழக்கமாகக் காபி குடிக்கிறவர் காலையில் ஒரு கப்போடு நிறுத்திக்கொள்ளட்டும். மதிய இடைவேளையில் 20 நிமிடக் குட்டித் தூக்கம் அதைவிட உதவும். 25 நிமிடத்துக்கு அலாரம் வைக்கவும். நாற்பது, ஐம்பது நிமிடம் என்று நீண்டால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுப்பியதாகி, அரை மணி நேரம் மந்தமாகவே இருக்கும். டிரைவர் என்றால், எழுந்த பிறகு ஆட்டத்துக்கு அரை மணியாவது இருக்க வேண்டும்.

போட்டி முடிந்த திங்கட்கிழமை பாதி அணிக்குச் சளி, காய்ச்சல். அலைச்சல்தான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். பாதி சரி. 2015இல் ஏரிக் பிராதர் குழு 164 பேருக்குச் சளி வைரஸை மூக்குச் சொட்டாகவே கொடுத்துப் பார்த்தது; இரவுக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்குமேல் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்குமேல் இருந்தது. மீதிப் பாதி, எல்லோரும் தொட்ட பந்து, கைமாறும் பாதுகாப்புக் கண்ணாடி, அணிகள் பரிமாறிக்கொள்ளும் பேட்ஜ்கள். தொற்றி ஓரிரு நாள் கழித்தே நோய் தலைகாட்டும் என்பதால் அரங்கத்தில் எல்லோரும் நலமாகவே தெரிவார்கள். இரவல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். சாப்பிடுமுன் 20 நொடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் இங்கே போதாது. வாந்திபேதி தரும் நோரோ வைரஸ் அதற்கு லேசில் மசியாது, சால்டர் ஈயமும் பேட்டரி முனையின் ஈயமும் அதனால் கையைவிட்டுப் போகாது. பிட்டுக்குள் சாப்பிடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். வாழைப்பழம், வேர்க்கடலை, தண்ணீர் பாட்டில் எல்லாம் கேலரியில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

காதுக்கும் ஒரு வார்த்தை. அரங்கத்தின் இரைச்சல் 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம்; மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்; 94 என்றால் ஒரு மணி நேரம்தான். ஃபோம் இயர்பிளக்கை மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து நுழைத்து, விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். பலர் பாதிதான் நுழைக்கிறார்கள்; பாதி நுழைத்த பிளக் அலங்காரம்.

மூன்று நாளில் ஆபத்தான பகுதி ரோபோ ஓடும் களம் அல்ல. கடைசி நாள் பரிசளிப்பு முடிந்து, அறுபது கிலோ ரோபோவை நாலு பேர் தூக்கி வண்டியில் ஏற்றி, இரவு எட்டரைக்கு அணிக்கு வழிகாட்டும் பெரியவர்களில் யாரோ ஒரு மென்டர் வேனின் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாரே, அதுதான். அவர் காலை ஐந்தரைக்கு எழுந்தவர். பத்தரைக்கு அவர் விழித்திருக்கும் நேரம் பதினேழு மணி. அந்த நிலையில் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருக்கு ஈடாக இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் அளந்திருக்கின்றன. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 0.03. ஆகவே சீசன் தொடங்கும்போதே இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். கடைசி நாள் ஓட்டப்போகிறவருக்கு அன்று பிட் வேலை கிடையாது, காலை ஒன்பது வரை தூங்குவார், மதியமும் ஒருமுறை படுப்பார். அது முடியாதென்றால், அந்த இரவுக்கும் சேர்த்தே அறை போட்டுவிடுங்கள்.