கோழியின் வாலடியில் ஒரு பை

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: "முருங்கைக்கீரை, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி எல்லாம் தவறாமல் அரைத்துக் கொடுத்தேன், அப்படியும் வெள்ளைக்கழிச்சல் வந்து 18 கோழியில் 3தான் மிஞ்சியது. எங்கே தப்பு?"

தப்பு அவர் மேல் இல்லை. முருங்கைக்கீரையிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ குடலின், மூச்சுக்குழாயின் உள்தோலைப் பழுதில்லாமல் வைக்கும், மஞ்சளும் பூண்டும் வயிற்றுக்கு நல்லவைதான். ஐப்பசி மழையில் கொட்டகைத் தரை ஈரமானால் ரத்தக்கழிச்சல் கிருமி ஓரிரு நாளில் முதிர்ந்து தொற்றத் தயாராகிவிடும், அதற்குக் கஷாயத்தைவிட உலர்ந்த உமி மேல். இதெல்லாம் வேலி மாதிரி. வேலி தாண்டி வந்த வெள்ளைக்கழிச்சல் வைரஸை அடையாளம் கண்டு பிடிக்க வேறு ஆள் வேண்டும்.

அந்த ஆள் கோழியின் வாலடியில் இருக்கிறது. இளங்கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது ஆசனவாய்க்கு மேலே, முதுகுப் பக்கமாக, சுண்டைக்காய் மாதிரி வெளிறிய ஒரு உருண்டை தட்டுப்படும், நாம் குடலோடு சேர்த்து எறிந்துவிடுவோம். அதன் பெயர் ஃபாப்ரிசியஸ் பை, ஆங்கிலத்தில் 'பர்சா' (bursa). உள்ளே மடிப்பு மடிப்பாக, 10,000 அளவில் நுண்ணறைகள். எதிர்ப்பொருள், அதாவது கிருமியைப் பற்றிப் பிடிக்கும் புரதம், செய்யும் செல்கள் இங்கேதான் வளர்கின்றன, அவை வளரும் விதம்தான் எனக்கு எத்தனை தடவை படித்தாலும் அலுக்காதது. எதிர்ப்பொருளில் கிருமியைப் பிடிக்கும் முனைக்கு நம் உடலில் பல மரபணுக்கள் உண்டு, கோழிக்கு இயங்குவது ஒன்றுதான். ஆனால் பக்கத்திலேயே இயங்காத பழைய பிரதிகள் வரிசையாகக் கிடக்கின்றன, ஒவ்வொரு செல்லும் அவற்றிலிருந்து இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் நகலெடுத்துத் தன் மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுத்துணி தைக்கிற மாதிரி. செல்லுக்குச் செல் ஒட்டு வேறு, அதனால் எந்தக் கிருமி வந்தாலும் அதற்குப் பொருந்தும் ஒன்று எங்கோ இருக்கும். குஞ்சின் ஆசனவாய் உறிஞ்சுவது போல அசைந்து, வெளியே இருப்பதைத் துளித்துளியாக இந்தப் பைக்குள் இழுத்து அந்தச் செல்களுக்குக் காட்டவும் செய்கிறது!

1956இல் ப்ரூஸ் கிளிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பையை எடுத்துவிட்ட கோழிகளில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை என்று எழுதியபோது பெரிய இதழ் ஒன்று திருப்பி அனுப்பியது, கோழி வளர்ப்பு இதழ்தான் வெளியிட்டது. இன்று மருத்துவ மாணவர்கள் படிக்கும் 'பி செல்' என்பதன் 'பி' (B) இந்தப் பையின் ஆங்கிலப் பெயரான 'பர்சா'விலிருந்து வந்ததுதான். கோழி ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

சரி, கீழாநெல்லிக்கு வருவோம். பொருந்தும் செல் பெருக வேண்டுமென்றால் அது வைரஸின் உருவத்தைப் பார்த்தாக வேண்டும். இலையில் அந்த உருவம் இல்லை, தடுப்பு மருந்தில் இருக்கிறது. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. 8ஆம் வாரம் அதே நோய்க்கு இறக்கையடியில் தடுப்பூசி. ஒரு குப்பி பல வீட்டுக் கோழிகளுக்கு வரும், கரைத்தபின் ஐஸில் வைத்துச் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், அதனால் தெருவில் நாலு பேர் சேர்ந்து போடுவது நல்லது.

செத்த கோழியைத் திருஷ்டி என்று சொல்லி வாய்க்காலில் வீசாதீர்கள், அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கோழிக்கும் போகும். ஆழமாகக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அக்கா, அடுத்த அடை பொரித்ததும் நாள் எண்ணத் தொடங்குங்கள், முருங்கைக்கீரையையும் நிறுத்த வேண்டாம்.