கார்ன் கேப் ஒட்டியும் போகாத ‘கால் ஆணி’

“கால் ஆணி டாக்டர். மாசக்கணக்கா கார்ன் கேப் ஒட்டுறேன், போகவே மாட்டேங்குது.” தோல் மருத்துவர் எவரும் அடிக்கடி கேட்கும் புகார் இது. கார்ன் கேப் என்பது ஆணியைக் கரைக்க ஒட்டும், சாலிசிலிக் அமிலம் வைத்த பட்டை. பாதத்தைத் திருப்பி, மேலே தடித்திருக்கும் தோலைக் கொஞ்சம் சீவிப் பார்த்தால் பலருக்கு அங்கே இருப்பது மரு.

ஆணி, செருப்பின் உராய்வாலும் அழுத்தத்தாலும் வருவது. மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் விரல் வைத்துக் கிள்ளினால் சுரீரென்று வலிப்பது மரு. பாதத்தின் ரேகைகள் ஆணியின் மேல் தொடர்ந்து ஓடும், மருவின் விளிம்பில் அறுந்து நின்றுவிடும். சீவினால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தாலும் மருதான்.

அந்தப் புள்ளிகளைத்தான் பலர் வேர் என்று நினைக்கிறார்கள். “வேரோட புடுங்கிடுங்க” என்று கேட்பதும் அதனால்தான். அவை ரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். மரு தோலின் மேலடுக்கைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை, அதற்கு வேர் கிடையாது. வேரைத் தேடி ஆழமாகத் தோண்டினால் மிஞ்சுவது தழும்புதான். உள்ளங்காலில் விழும் தழும்பு நடக்கும்போதெல்லாம் குத்தும், சில சமயம் மருவைவிட மோசமாக. அதனால் பாத மருவை வெட்டியெடுக்க நான் எளிதில் சம்மதிப்பதில்லை.

அப்படியென்றால் ஏன் போக மாட்டேன் என்கிறது? இந்த வைரஸ் ரத்தத்தில் கலக்காமல் மேல்தோலிலேயே ஒதுங்கியிருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்திக்கு அது இருப்பதே சீக்கிரம் தெரிவதில்லை. போதாததற்கு உள்ளங்கால் தோல் தடிமன், உடல் எடை முழுவதும் அதன்மேல். மேலே தடவும் மருந்து செத்த தோலிலேயே நின்றுவிடுகிறது.

முதல் மருந்து இன்றும் பழைய சாலிசிலிக் அமிலம்தான். அதைப் போடுகிற விதத்தில் இருக்கிறது விஷயம். வெதுவெதுப்பான நீரில் காலை ஐந்து, பத்து நிமிடம் ஊறவைத்து, வெளுத்த தோலை உரசியெடுத்து, சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாசலின் தடவிவிட்டு, மருவின்மேல் மட்டும் மருந்து. தினமும், 12 வாரம் வரை. வலி குறைந்ததும் பாதியில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வலி நிற்பது குணமாவதற்கு அடையாளமில்லை. அறுந்த ரேகைகள் மறுபடி ஓடத் தொடங்க வேண்டும். உரசும் கல்லை வேறு யாரும், வேறு எந்த இடத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறையவைத்தால் உடனே போய்விடும் என்று நம்பி வருகிறவர்களுக்கு 2011-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வைச் சொல்வேன். 240 பேரில் ஒரு பாதிக்கு 50 சதவீத சாலிசிலிக் அமிலம், மறுபாதிக்கு நைட்ரஜன். 12 வாரம் கழித்து மரு முழுதாகப் போனது இரு பக்கமும் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்குத்தான். கேட்டதும் முகம் வாடிவிடும். ஆனாலும் பாத மருவின் நிஜம் அதுதான், முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கெல்லாம் அசையாத மருக்களுக்கு, குறிப்பாகப் பல இடங்களில் பரவியவற்றுக்கு, நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் கையாளும் ஒரு முறை எனக்குப் பிடித்தமானது. மரத்துப்போக ஊசி போட்டு, மருவிலிருந்து சின்னத் துண்டு எடுத்து, முன்கையில் தோலுக்கு அடியே வைத்துவிடுவது. மேல்தோலில் ஒளிந்திருந்த வைரஸை எதிர்ப்புச் சக்தி அங்கே கண்டுகொள்கிறது. வேலை செய்துவிட்டால், தொடாத மருக்களும் இரண்டு மூன்று மாதத்தில் உதிர்கின்றன. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்காகக் குழந்தைகளுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தையே மருவுக்குள் செலுத்துவதும் இதே கணக்கில்தான். இரண்டுமே எல்லாருக்கும் பலிப்பதில்லை.

பிளேடால் சீவுவது, எருக்கம்பால் வைப்பது, ஊதுவத்தியால் சுடுவது ஆகியவற்றின் விளைவை வாரந்தோறும் பார்க்கிறோம். பிளேடு பட்ட கோடு நெடுகப் புது மரு முளைக்கும். சர்க்கரை நோயாளிகள் கார்ன் கேப்பைக்கூடத் தாங்களாக ஒட்டக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் அமிலம் அரிப்பதே தெரியாது. புண்ணாகி, சீழ் வைத்த பிறகுதான் வருவார்கள்.

குழந்தைகளுக்கு வலியில்லை என்றால் நான் பெரும்பாலும் காத்திருக்கவே சொல்வேன். ஓரிரு ஆண்டுகளில் பல மருக்கள் தானாகவே மறைந்துவிடும்.

பெரியவர்களின் விஷயத்தில் ஒரு இடத்தில் மட்டும் காத்திருக்க மாட்டேன். உள்ளங்காலில் கறுப்பு பரவிக்கொண்டே போனாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ, ஒழுங்காக மருந்து போட்டும் வளர்ந்தாலோ அது மெலனோமா போன்ற தோல் புற்றாக இருக்கலாம். கருநிறத் தோலில் மெலனோமா அதிகம் தோன்றும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. ஒரு சிறு துண்டை எடுத்து பயாப்சி என்ற திசுப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். “மருதானே, அதுக்கு எதுக்கு டெஸ்ட்?” என்று மறுப்பவர்களிடம் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.