பத்து நொடியில் ஒரு நகர்த்தல்

2021 டிசம்பரில் வார்சாவில் நடந்த உலக ரேபிட் (விரைவு) செஸ் போட்டியில் பட்டத்தை உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவ் தட்டிச் சென்றபோது அவருக்கு வயது 17. வழியில் அப்போதைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனும் அவரிடம் தோற்றார். அங்கே ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 நொடி. ஆட்டம் 60 நகர்த்தல் வரை இழுத்தாலும் ஒருவர் கையில் மொத்தம் 25 நிமிடம்தான்.

அந்தக் கூடுதல் நொடிகள் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷரின் யோசனை; 1980களின் கடைசியில் காப்புரிமையும் வாங்கினார். பழைய கடிகாரத்தில் நிமிட முள் பன்னிரண்டைத் தொட்டதும் சின்னக் கொடி ஒன்று விழும். ராணியே கூடுதலாக இருந்தாலும் ஆட்டம் போச்சு. இப்போது காயை வைத்து, அதே கையால் பொத்தானை அழுத்தினால் (அதே கை என்பது விதி) 10 நொடி ஏறிவிடுகிறது. முதலில் கொடுத்த 15 நிமிடம் கரைந்த பிறகு, பொடிசுகள் பலரும் இந்தப் பத்துப் பத்து நொடியில்தான் பிழைப்பு ஓட்டுகிறார்கள்.

சரி, 10 நொடியில் என்ன யோசிக்க முடியும்? 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பலகையை 5 நொடி காட்டி மறைத்து, அப்படியே அடுக்கச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்தில் வந்த நிலையென்றால் மாஸ்டர் பட்டம் பெற்ற ஆட்டக்காரர் பெரும்பகுதியை அடுக்கிவிட்டார். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்தபோது அவரும் கற்றுக்குட்டியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கோட்டை கட்டிய (யானையோடு சேர்ந்து ஓரமாக ஒதுங்கிய) ராஜா, பக்கத்தில் யானை, முன்னால் மூன்று சிப்பாய், ஒரு குதிரை. நமக்கு இது ஆறு காய். பழகிய கண்ணுக்கு ஒரே படம். 'வணக்கம்' என்பதை நாம் எழுத்துக் கூட்டியா படிக்கிறோம்? அந்த யானை இடம் மாறினால் கடைசி வரிசையில் மேட் (ராஜா தப்ப வழியின்றி ஆட்டம் முடிவது) விழலாம் என்பதும் படத்தோடு சேர்ந்தே மனதில் வருகிறது. சின்னவர்களின் மூளை வேகம் என்று நாம் வியப்பதில் பாதி, திரையில் தினமும் புதிர் போட்டுப் போட்டுச் சேர்த்த இந்தப் படங்கள் என்பது என் கணிப்பு.

இந்தப் படங்களே காலையும் வாரும். குதிரை செக் வைக்க, ராஜாவைச் சொந்தக் காய்களே நெருக்கி மூச்சுமுட்டவைக்கும் பிரபலமான மேட் ஒன்று உண்டு. அதுவும், அதைவிடச் சீக்கிரம் முடியும் இன்னொரு மேட்டும் இருந்த நிலையை நல்ல ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்து, 2008-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. பழகிய மேட்டைக் கண்டவர்கள், வேறு வழி தேடுவதாகத்தான் சொன்னார்கள். பார்வையைத் தொடர்ந்த கருவியோ, கண்கள் பழைய கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்ததைக் காட்டியது. இத்தனைக்கும் 10 நொடி நெருக்கடி எதுவும் அங்கே இல்லை.