கோடையில் தூங்கும் குட்டி ஆமை

தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்தால் எவ்வளவு இருக்கும்? முழுதாக வளர்ந்த எகிப்திய ஆமை அவ்வளவுதான். பெண் 12, 13 சென்டிமீட்டர் இருக்கும். ஆண் 10-ஐத் தொட்டாலே பெரிது. எடையும் அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். பூமியின் வட பாதியில் இதைவிடச் சிறிய நில ஆமை கிடையாது. 1883-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் லோர்தே இதற்கு டெஸ்டுடோ க்ளைன்மான்னி என்று பெயர் வைத்தார்.

லிபியாவில் தொடங்கி எகிப்து வழியாக இஸ்ரேலின் நெகேவ் பாலைவனம் வரை மத்தியதரைக் கடலோரமாக ஓடும் ஒரு மெல்லிய பட்டைதான் இதன் வீடு. கடலைவிட்டு 120 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனால் இந்த ஆமையைப் பார்க்க முடியாது. அங்கே கொஞ்ச நஞ்சம் பெய்கிற மழையும் குளிர்காலத்தில்தான் பெய்யும். மணலில் புல் பூண்டு தலைகாட்டுவதும் அப்போதுதான். அதனால் இதன் நாட்காட்டியே தலைகீழ். ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்கார ஆமைகள் பனிக்குப் பயந்து மண்ணுக்குள் புதைந்து தூங்கும் மாதங்களில் இது மேய்ந்துகொண்டிருக்கும். அவை ஊர்சுற்றும் கோடையில் இது தூங்கப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டுக்கு உடல் அளவு எப்படி உதவுகிறது? மினி இட்லி பெரிய இட்லிக்கு முன்னாலேயே வெந்துவிடும், ஆறுவதும் சீக்கிரம். ஒரு பொருளின் நீள அகல உயரத்தை எல்லாம் பாதியாக்கினால் அதன் மேற்பரப்பு நாலில் ஒரு பங்காகும், கனஅளவோ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது சிறிய உடலுக்கு, உள்ளே இருக்கும் சரக்கோடு ஒப்பிட்டால், வெயில் படும் தோல் அதிகம். ஆமை சொந்தமாக வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும் பிராணி இல்லை. வெயிலில் கடன் வாங்கித்தான் பிழைக்கிறது. ஜனவரியில் மதிய வெயில் சில மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குள் சூடேறி, இரை தேடி, செரிக்கவும் வேண்டும். குட்டி உடம்பு சட்டென்று சூடாவது அங்கே பெரிய லாபம்.

சரி, வெயில் கூடினால்? அதே உடம்பு சட்டென்று வெந்தும் போகும். வெளிர் வைக்கோல் நிற ஓடு ஓரளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. மீதியை ஆமை நேரத்தை மாற்றிச் சமாளிக்கிறது: குளிர்காலத்தில் நடுப்பகல் ஷிப்ட், வெயில் ஏற ஏறக் காலையும் மாலையும் மட்டும், கோடையில் முழு விடுமுறை. பாலைவன எலிகள் தோண்டிப் போட்ட வளைக்குள் புகுந்துகொள்ளும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதைதான். எலி வளைக்குள் நுழைய வேண்டுமானால் ஆமையும் எலிக்குத் தக்கபடி சிறுத்திருக்க வேண்டும், இல்லையா?

வளை இல்லாத இடத்தில் புதர்தான் கூரை. எகிப்தின் வட சினாயில் இது பெரும்பாலும் ஒதுங்குவது நம் மரிக்கொழுந்துக்குச் சொந்தக்காரப் புதர் ஒன்றின் அடியில். அந்தப் புதரை விறகுக்கு வெட்டினாலோ, ஆடுகள் மொட்டையாக்கினாலோ, நிலத்தை உழுதுவிட்டாலோ, ஆமைக்கு உணவு போவதைவிட நிழல் போவதுதான் உடனடி ஆபத்து. புதருக்குப் புதர் தூரம் கூடக் கூட, வெயிலில் நடக்க வேண்டிய நேரமும் கூடுகிறதே.

வெயிலுக்குத் தப்பிய இந்தச் சிறிய உடம்பு மனிதனிடம் தப்பவில்லை. சட்டைப் பையில் அடங்கும், சத்தம் போடாது, பல நாள் பட்டினி தாங்கும். கடத்துகிறவருக்கு இதைவிட வசதியான சரக்கு ஏது? (சத்தமே போடாது என்றும் சொல்ல முடியாது. இணை சேரும்போது ஆண் ஆமை புறா குனுகுவது போல ஒலி எழுப்பும்.) எகிப்தில் அநேகமாகத் தீர்ந்துபோன பிறகு, 1990-களில் கெய்ரோ சந்தைகளுக்கு லிபியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு ஈட்டுக்கு ஒன்றிலிருந்து நாலைந்து முட்டைதான். பிடித்த வேகத்துக்குப் பிறப்பு ஈடுகொடுக்கவே முடியாது. 1995 முதல் சர்வதேச வணிகத்துக்குத் தடை. 2003-ல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் அறிவித்தது.

பிடிபட்ட ஆமையைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது கேட்பதற்கு எளிது. அது எந்த ஊர் ஆமை? சந்தைக் கூண்டில் என்ன நோய் ஒட்டியது? 2001-ல் நைலுக்குக் கிழக்கே இருப்பவை தனி இனம் என்று ஒருவர் பிரித்துவிட்டார். பிறகு வந்த மரபணு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. அதுவரை எதை எங்கே விடுவது என்பதே வழக்காக இருந்தது.

எகிப்தில் போனதுதான் என்று நினைத்திருந்தபோது, வட சினாயின் ஜரானிக் பாதுகாப்புப் பகுதியில் ஒரு சிறு கூட்டம் எஞ்சியிருந்தது தெரிந்தது. அங்கே ஆய்வாளர்கள் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டில் ரேடியோ கருவி ஒட்டித் தேடும் முறையையும், உள்ளூர் பாலைவனக் குடிகளான பெதோயின் மக்கள் மணலில் கால்தடம் பார்த்துத் தேடும் முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தடம் பார்ப்பது மலிவாக முடிந்தது, வேலையும் ஊர்க்காரருக்கே கிடைத்தது. ஆமை அரைக் கிலோவுக்குள் இருந்தாலும் மணலில் இரண்டு வரிசையாகத் தடம் வைத்துத்தான் போகும். புதருக்குப் புதர் அந்தக் கோடு போகிற திசையில் நடந்தால் ஆள் அகப்படும். கோடை வந்ததும் கோடு நின்றுவிடும். அப்புறம் மறுபடி குளிர் எட்டிப்பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.