பிட் எத்தனை என்று கேட்காதீர்கள்

கரைசலின் அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் மீட்டர் ஒன்றைச் சொந்தமாகச் செய்யப்போகும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: மைக்ரோகண்ட்ரோலர் எது வாங்கலாம், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி 16 பிட் போதுமா, 24 பிட் வேண்டுமா, மென்பொருளை எந்த மொழியில் எழுதலாம்? கையில் இருப்பதே போதும். இந்தக் கருவியின் தலையெழுத்து வேறொரு பாகத்திடம் இருக்கிறது.

கரைசலில் முக்கும் கண்ணாடி மின்முனை பள்ளிப் பாடம்தான். மெல்லிய கண்ணாடிக் குமிழின் உள்ளும் புறமும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஹெச் அலகுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட். சரி, அதை மல்டிமீட்டரில் அளந்துவிடலாமே?

முடியாது. அந்தக் குமிழின் மின்தடை 10 கோடி ஓம் அளவில் இருக்கும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடையோ 1 கோடி ஓம். இணைத்தவுடன் மின்னழுத்தத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் மீட்டருக்கு வந்து சேரும். 1934-இல் ஆர்னால்ட் பெக்மன் வெற்றிடக்குழல் பெருக்கியை வைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்தார். இன்று அந்த வேலை ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லுடையது.

எந்த ஆப்-ஆம்ப்? அதன் விவரத்தாளான டேட்டாஷீட்டில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளீட்டு மின்னோட்டம், அதாவது உள்ளீட்டுக் கால் வழியே பாயும் சிறு மின்னோட்டம். எங்கும் கிடைக்கும் எல்எம்358-இல் அது சுமார் 20 நானோ ஆம்பியர். அது குமிழின் வழியாகவே பாய வேண்டும், எனவே 10 கோடி ஓம்மால் பெருக்குங்கள்: 2 வோல்ட் பிழை! பிஹெச் 0 முதல் 14 வரை மொத்த வீச்சே 0.83 வோல்ட்தான். எல்எம்சி6482 என்ற ஆப்-ஆம்ப்பில் அந்த மின்னோட்டம் 20 ஃபெம்டோ ஆம்பியர், அதாவது எல்எம்358-இல் உள்ளதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிழை 2 மைக்ரோவோல்ட். தொல்லை ஒழிந்தது.

ஆனால் சுற்றுப் பலகை இருக்கிறதே. உள்ளீட்டுக் காலுக்குப் பக்கத்தில் 5 வோல்ட் தடம் போகிறது. நடுவே கைரேகை, பற்றவைப்பில் மிஞ்சிய ஃபிளக்ஸ் பிசுக்கு, ஈரம். அந்த அழுக்கின் தடை 1,000 கோடி ஓம் இருந்தாலும் 50 மில்லிவோல்ட் நுழைந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு பிஹெச் அலகு. இதற்கொரு தந்திரம் உண்டு, நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். உள்ளீட்டுக் காலைச் சுற்றி ஒரு செம்பு வளையம் வரைந்து, அதை ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டோடு இணைத்துவிட வேண்டும். இங்கே ஆப்-ஆம்ப்பின் பெருக்கம் 1, உள்ளே வரும் மின்னழுத்தமே வெளியேயும் வரும் என்பதால் வளையத்திலும் காலிலும் ஒரே மின்னழுத்தம். வேறுபாடு இல்லாத இடத்தில் மின்னோட்டம் எதற்குப் பாயப்போகிறது? அழுக்கு அங்கேயே கிடக்கும், கசிவு மட்டும் நின்றுவிடும். வெளியிலிருந்து வருகிற கசிவை வளையம் வாங்கிக்கொள்ளும். வெளியீட்டுக்கு அது ஒரு சுமையே இல்லை. கருவி வாங்கக் காசு ஒதுக்குகிற ஆய்வகங்கள், இதைக் கற்றுக்கொடுக்க ஓர் ஆளுக்கும் ஒதுக்கினால் தேவலை.

அப்புறம் மென்பொருள். கசிவை அதனால் கழிக்க முடியாது, ஈரப்பதத்தோடு கசிவும் மாறிக்கொண்டே இருக்கும். செய்யக்கூடியதைச் செய்யட்டும்: 100 மில்லிநொடிக்குச் சராசரி எடுத்தால் 50, 60 ஹெர்ட்ஸ் மின்னிரைச்சல் இரண்டுமே முழுச் சுற்றுகளாக அடங்கி மறையும். பிஹெச் எளிதில் மாறாத 4, 7 தாங்கல் கரைசல்களில் அளவுதிருத்தம், வெப்பநிலைத் திருத்தம், அவ்வளவுதான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அளவுதிருத்தத்தில் கிடைத்த சரிவை, அதாவது ஒரு பிஹெச் அலகுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். 25 டிகிரியில் அது 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால், நிரலில் பிழை தேடுவதற்கு முன் மின்முனையைக் கழுவிப் பாருங்கள்.